நாற்பது இருட்டுப் படங்கள்

முதல் படம் முடிந்ததும் கணினி ஒருமுறை கீச்சென்றது. மணி பத்து ஐம்பத்தொன்று. திலகவதி சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சை நோட்டின் மேல் பிடித்து, படம் ஒன்று என்றும், பக்கத்தில் கேமராவின் வெப்பநிலை மைனஸ் நாற்பது என்றும் எழுதினாள். இன்னும் முப்பத்தொன்பது இருக்கிறது, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். லென்ஸை மூடி, மூடியின் மேல் கறுப்புத் துணி போர்த்தி, அறை விளக்கையும் அணைத்து, கதவிடுக்கில் நாடா ஒட்டி, அதற்கப்புறம் அந்தக் கேமராவிடம், பார், என்ன தெரிகிறது சொல், என்று கேட்கிற வேலை இது. ஒன்றும் தெரியக் கூடாது. ஆனால் எல்லாக் கேமராவுக்கும் இருட்டில் ஏதாவது தெரியத்தான் செய்யும். வெளியிலிருந்து வராத வெளிச்சம், தன் சூட்டிலேயே தான் காண்கிற வெளிச்சம். அதை நாற்பது முறை எடுத்துச் சராசரி கண்டு வைத்துக்கொண்டால் நாளைக்கு உண்மையான படம் வரும்போது அதிலிருந்து இதைக் கழித்துவிடலாம். இந்த வேலையை இந்த ஆய்வகத்தில் அவளைவிட நன்றாகச் செய்ய ஆள் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள், சொல்லிவிட்டு எல்லோரும் வெளிச்சத்துக்குப் போய்விடுவார்கள். பதினொன்று இருபதுக்குக் கூட்டம். மாடியில், பெரிய அறையில், திரை இறக்கி, எல்லோருக்கும் காப்பி கொடுத்து. கூட வேலை பார்க்கும் ரெபெக்கா ஒரு நிலாவைக் காட்டப் போகிறாள். நேற்று மாலை சதாசிவம் சார் கூட்டத்துக்கு யார் யார் வர வேண்டும் என்று பெயர் சொல்லிக்கொண்டே வந்தவர், அவளிடம் வந்ததும் நின்று, "உங்களுக்குத்தான் காலையில இருட்டுப் படம் இருக்கே, திலகவதி," என்றார். இருக்கிறது சார், என்றாள். இருக்கிறதுதான். நாளைக்கு வைத்துக்கொள்ளலாமே என்று அவரும் சொல்லவில்லை, அவளுக்கும் சொல்ல வாய் வரவில்லை.

இரண்டு. மூன்று. மேஜையில் துணிக்கடியில் குளிர்ந்துகொண்டிருக்கும் இந்தக் கேமராவின் இரட்டை இப்போது ஒரு விண்கலத்தின் வயிற்றில் உட்கார்ந்து, ஒரு சிறுகோளின் பக்கத்தில் பறந்துகொண்டிருக்கிறது. அந்தச் சிறுகோளுக்கு ஒரு நீளமான எண்தான் பெயர், ஆனால் முதல் படம் வந்த அன்றே ரெபெக்கா அதைப் பார்த்து, "இது கத்தரிக்காய்லா," என்று சொல்ல, அன்றிலிருந்து சதாசிவம் சார் உட்பட எல்லோருக்கும் அது கத்தரிக்காய். அதன் வடிவமும் அப்படித்தான். பெயர் வைக்கிற இடத்தில் ரெபெக்கா சரியாக நின்றுகொண்டிருப்பாள். இப்போது கத்தரிக்காயைச் சுற்றி ஒரு புள்ளி ஓடுகிறது, நான்கு படத்தில் நான்கு இடத்தில், அதற்கும் பெயர் வைத்தாயிற்று, காம்பு. ஒரு சிறுகோளுக்கு நிலா இருந்தால் அது விளையாட்டுச் சங்கதி இல்லை. நிலா எவ்வளவு தூரத்தில் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று தெரிந்தால் கல்லின் எடை தெரிந்துவிடும். எடை தெரியாமல் எதையும் தள்ள முடியாது. என்றைக்காவது ஒருநாள் இப்படி ஒரு கல் பூமியைப் பார்த்து வந்தால், ஒரு கலத்தைக் கொண்டுபோய் மோதி, தலைமுடி அளவு வழி மாற்றிவிட வேண்டும். அதற்கு எவ்வளவு பலமாக மோதுவது என்கிற கணக்கெல்லாம் எடையில்தான் ஆரம்பிக்கிறது. அதனால் காம்பு பெரிய விஷயம். காம்பைக் கண்டவள் பெரிய ஆள். அடுத்த கலத்தின் கேமராவுக்கு இந்த இரண்டு பேரில் ஒருத்தியைத்தான் எடுத்துக்கொள்வார்கள் என்று மூன்று மாதமாகப் பேச்சு. இருவருக்கும் ஒப்பந்த வேலை, இருவருக்கும் ஆனி மாதத்தோடு முடிகிறது. மற்றவளுக்கு ஒரு சான்றிதழும் பூங்கொத்தும் கொடுப்பார்கள். பூங்கொத்தை வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்கு, ஓமலூர் பஸ்ஸில், தான் ஏறுவதைத் திலகவதி மனதுக்குள் பலமுறை பார்த்துவிட்டாள், எந்த சீட், எந்தப் பக்கத்து ஜன்னல் என்பதுவரை.

ஐந்து. அவளுக்குப் பொறாமையில்லை என்றுதான் முதலில் நினைத்தாள். பொறாமை என்றால் அடுத்தவள் நாசமாகப் போக வேண்டும் என்று தோன்ற வேண்டும், தனக்கு அப்படித் தோன்றவில்லை, தனக்குத் தோன்றுவது ரெபெக்கா கொஞ்சம் குறைவாக இருந்தால் போதும் என்பதுதான். கொஞ்சம் குறைவாகச் சிரித்தால், கொஞ்சம் குறைவாக நல்லவளாக இருந்தால். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். விடுதியில் ஒரே அறை, நாகர்கோவிலிலிருந்து பார்சல் வந்தால் முதல் நேந்திரங்காய் வறுவல் பாக்கெட் திலகவதியின் கட்டில் மேல்தான் விழும். ரெபெக்காவின் தாத்தா பட்டதாரி. தாத்தா! அவள் அப்பா கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர், அம்மா இயற்பியல் டீச்சர். போனில் அவர்கள் பேசுவதைத் திலகவதி படுத்தபடியே கேட்டிருக்கிறாள், நிறமாலை என்கிற சொல்லை ஒரு அம்மா சோறு பரிமாறுவது மாதிரிச் சொல்வதைக் கேட்டிருக்கிறாள். திலகவதியின் அம்மா சந்தையில் பொரி கடலை விற்கிறாள். கேமரா ஆபீசில் வேலை என்று சொன்னதும் அம்மா தெருவெல்லாம் சொல்லி, மூன்று பேர் பாஸ்போர்ட் போட்டோவுக்கு விலை கேட்டார்கள். அப்புறம் விளக்கிச் சொன்னபோது, "ஏம் பாப்பா, அந்தக் கல்லு நம்மூரு மேல உழுவுமா?" என்றாள். உழாதும்மா. "உழாதுன்னா அப்புறம் எதுக்கு அதப் போயி போட்டோ எடுக்கறீங்க?" இதை ரெபெக்காவிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று வந்தவள், ரெபெக்கா சிரித்ததும் எரிச்சலாகி, அன்று இரவு சாப்பாட்டுக்குப் போகவில்லை. ஆறு. மைனஸ் நாற்பது. ஏழு.

ஆனால் அது இல்லை, இதுவெல்லாம் பழைய பொறாமை, இதோடு வாழப் பழகியாயிற்று. முள் வேறு இடத்தில் இருக்கிறது. அந்தப் புள்ளியை முதலில் பார்த்தது திலகவதி. இதை யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் யார் நம்புவார்கள். மூன்று வாரத்துக்கு முந்தி, ஒரு செவ்வாய்க்கிழமை, நான்கு படங்களும் வந்து இறங்கியவுடன், வெளிச்ச அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவள்தான் முதலில் திறந்தாள். முதல் படத்தில் கத்தரிக்காயின் வலப்பக்கம், சற்றுத் தள்ளி, ஒரு புள்ளி. பார்த்தாள். ஏதோ, என்று நினைத்தாள். ஏதோ என்று நினைத்துவிட்டு, இது என்ன என்று யாரையாவது கேட்டால் இதுகூடத் தெரியாதா என்று கேட்பார்களோ என்று நினைத்தாள், நினைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். அன்று புளிசாதம். புளிசாதம் தின்றது ஞாபகம் இருக்கிறது. அதே படங்களை ஒரு வாரம் கழித்து ரெபெக்கா திறந்து, நான்கையும் கத்தரிக்காயின் நடுப்புள்ளி ஒன்றன் மேல் ஒன்று உட்காரும்படி அடுக்கி ஓடவிட்டுப் பார்த்து, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, "ஏய் நிலா!" என்று கத்தினாள். அவ்வளவுதான் வித்தியாசம். ஒருத்தி ஏதோ என்றாள், இன்னொருத்தி நிலா என்றாள். தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்கிற பயம் ஒருத்திக்குப் பிறந்ததிலிருந்தே கூட வருகிறது, இன்னொருத்திக்கு அது என்னவென்றே தெரியாது. அந்தத் தெரியாமையைத்தான், அதைத்தான், பிடுங்கிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஒன்பது எழுதினாளா? நோட்டைப் பார்த்தாள். எழுதியிருந்தாள்.

வெளிக்கதவு திறந்து மூடிய சத்தம். இந்த அறைக்கு இரண்டு கதவு, நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம், அப்புறம் கறுப்புத் திரை. உள்ளே வருகிறவர்களோடு வெளிச்சம் வந்துவிடக் கூடாது என்பதற்காக. "உயிரோட இருக்கியா?" என்றது கதவுக்கு அந்தப் பக்கமிருந்து ரெபெக்காவின் குரல். "பத்தாவது படம். உள் கதவைத் தொறந்துடாத," என்றாள் திலகவதி. "தொறக்கல மக்கா, எனக்கென்ன கிறுக்கா? நடுவுலதான் நிக்கேன். இங்கயும் கும்மிருட்டு. சேலை எப்படி இருக்குன்னு கேக்கலாம்னு வந்தா ரெண்டு பேருக்கும் தெரியாது." "என்ன சேலை?" "மஞ்சள்ல அரக்கு பார்டர். அம்மா அனுப்புனது. பின்னு குத்திக் குத்திக் கையெல்லாம் ஓட்டை, கேட்டியா." குளிர்விக்கும் பம்பு உறுமியது. பிறகு ரெபெக்கா, "பயமா இருக்குடி," என்றாள். திலகவதிக்கு உள்ளே ஏதோ ஒன்று காதைத் தூக்கியது. "எதுக்கு?" "என்னத்துக்குன்னு சொல்ல. அப்பாவுக்குப் போன் பண்ணுனேன். வாழ்த்துச் சொல்லுவாருன்னு பாத்தா, ரெண்டு தடவ சரிபாத்தியா புள்ளேங்காரு. பிரின்சிபால் புத்தி போகுமா." "பாத்தியா?" "படத்த அம்பது தடவ பாத்தாச்சு. வேற என்னத்தப் பாக்க? கெட்ட புள்ளிப் பட்டியல் நீ போட்டதுல்லா. நீ போட்டதுன்னா நான் கண்ண மூடிட்டுக் கையெழுத்துப் போட்டிருவேன், போட்டும் இருக்கேன்." சிரித்தாள். "கடைசிப் பக்கத்துல உன் பேரப் போட்டிருக்கேன், கேட்டியா. நன்றி, செல்வி திலகவதின்னு. செல்வி வேணுமா வேண்டாமா?" "இருக்கட்டும்." "நாப்பதும் முடிஞ்ச உடனே மேல ஓடி வா. காப்பி வாங்கி வைக்கேன்." கதவு திறந்து மூடியது. சேலையின் சரசரப்பு கொஞ்ச நேரம் இருட்டிலேயே நின்றது.

நன்றி. செல்வி. பதிமூன்று. கெட்ட புள்ளிப் பட்டியல் போட்டவளுக்கு நன்றி. கேமராவின் சென்சாரில் லட்சக்கணக்கான சின்னச் சின்னக் கட்டங்கள், பிக்சல்கள். சில பிக்சல்கள் பிறவியிலேயே கெட்டவை, வெளிச்சமே இல்லாவிட்டாலும் எரிந்துகொண்டிருக்கும். சில, கலம் கிளம்பிய பிறகு விண்வெளிக் கதிர் பட்டுக் கெட்டுப்போனவை. எந்த வரிசையில் எத்தனையாவது கட்டம் கெட்டது என்று ஒரு பட்டியல் எழுதிவைத்தால், படத்தைச் சரிசெய்கிற மென்பொருள் அந்தக் கட்டங்களை மட்டும் துடைத்துவிட்டு அக்கம்பக்கத்தைப் பார்த்து நிரப்பிக்கொள்ளும். பட்டியலில் மேலே உள்ள பன்னிரண்டும் ஆய்வகத்தில் எடுத்தவை. கடைசி ஏழு, கலத்திலிருந்து வந்த படத்தைப் பார்த்து மார்ச் மாதம் அவள் தன் கையால் சேர்த்தவை. இந்த ஏழையும் அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும், வேறு என்ன தெரியும் அவளுக்கு. ரெண்டு தடவ சரிபாத்தியா. அந்த முதல்வர் அப்பாவை ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறாள், விடுதி வாசலில், வெள்ளைச் சட்டை, கையில் தூக்குவாளி. உங்க பேர் நல்ல பேரும்மா, என்றார். அவர் கேட்டது நல்ல கேள்வி. பட்டியலைப் பார்த்தாயா என்று அவர் கேட்கவில்லை, ரெபெக்காவும் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன. இங்கே இன்னொரு கணினித் திரை இருக்கிறது, அதற்கும் சிவப்புத் தாள் ஒட்டியாகிவிட்டது. துடைக்காத, அடுக்காத, வந்தது வந்தபடியே இருக்கிற நான்கு மூலப் படங்களும் இங்கிருந்தே திறக்கும். திறந்தால் என்ன? ஒன்றுமில்லை, ஒரு ஒழுங்குக்காக. பொய். ஒழுங்குக்காகப் பார்ப்பதென்றால் மூன்று வாரமாகப் பார்த்திருக்கலாம். காம்பு இல்லாமல் போக வேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டு பார்க்கிறவள், இருந்தாலும் இல்லை என்றுதான் பார்ப்பாள். பொறாமையோடு பார்க்கிற கண்ணுக்கு நேர்மை உண்டா? கேமராவுக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது. யார் பார்த்தாலும் புள்ளி இருந்த இடத்தில்தான் இருக்கும். பதினாறு, மைனஸ் நாற்பது, பதினேழு, மைனஸ் முப்பத்தொன்பது புள்ளி ஒன்பது, பரவாயில்லை. பதினெட்டு எழுதிவிட்டுத் திறந்தாள்.

முதல் படம். கத்தரிக்காய் நடுவிலிருந்து சற்று இடப்பக்கம், வலப்பக்கத்தில் புள்ளி. கர்சரைக் கொண்டுபோய் வைத்தாள். வரிசை அறுநூற்றுப் பதின்மூன்று, கட்டம் ஆயிரத்து இருநூற்று ஆறு. இரண்டாவது படம். கலம் லேசாக அசைந்திருக்கிறது, எப்போதும் அசையும், கத்தரிக்காய் மேலே நகர்ந்திருக்கிறது. புள்ளி, அறுநூற்றுப் பதின்மூன்று, ஆயிரத்து இருநூற்று ஆறு. மூன்றாவதில் கத்தரிக்காய் இன்னும் மேலே. புள்ளி அதே இடம். நான்காவதைத் திறக்கும்போதே தெரிந்துவிட்டது, திறந்தும் பார்த்தாள். அதே இடம். ஓடுவது கத்தரிக்காய், நிற்பது புள்ளி. பஸ் ஜன்னலில் ஒட்டியிருக்கிற அழுக்கு, வெளியே உள்ள மரத்தையே நாம் பார்த்துக்கொண்டு வந்தால், மரத்தைத் தாண்டி ஓடுவதுபோல் தெரியுமே, அது. ரெபெக்கா கத்தரிக்காயை நிறுத்திவைத்து அடுக்கினாள், அதனால் அழுக்கு சுற்றியது. அடுக்கும்போது படங்களை இழுத்து நிரவியதில் ஒரே ஒரு கட்டத்து வெளிச்சம் நான்கைந்து கட்டத்துக்குப் பரவி, உருண்டையாக, மெத்தென்று, நிலா மாதிரியே ஆகிவிட்டது. காம்பு இல்லை. காம்பே இல்லை. திலகவதிக்கு நெஞ்சுக்குள் மோர் ஊற்றியது மாதிரி இருந்தது. கை விரல் நுனிவரைக்கும் குளுகுளுவென்று இறங்கியது. இருட்டில் தன் வாய் சிரித்துக்கொண்டிருப்பது, கன்னம் இழுபடுவதை வைத்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. யாரும் பார்க்கவில்லை. மஞ்சள் சேலை. அரக்கு பார்டர். எல்லோர் முன்னாலும். பிறகு அந்தச் சிரிப்பைத் தானே பார்த்துவிட்டவள்போல் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். இருபத்தொன்று எழுதவில்லை. எழுதினாள்.

ஆனால் கெட்ட புள்ளி என்றால் பட்டியலில் இருக்க வேண்டுமே. பட்டியலில் இருந்தால் மென்பொருள் துடைத்திருக்குமே. பட்டியலில் அறுநூற்றுப் பதின்மூன்று கிடையாது. அறுநூற்றுப் பதினான்கு, ஆயிரத்து இருநூற்று ஏழு என்று ஒன்று உண்டு, கடைசி ஏழில் மூன்றாவது. அது வேறு. பக்கத்துக் கட்டம். பக்கத்துக் கட்டமும் எரிகிறதா என்று பார்த்தாள். எரியவில்லை. நல்ல கட்டம், சாதுவாகக் கறுப்பாக இருந்தது. அடுத்ததைப் பார்த்தாள், பட்டியலில் இருநூற்று எழுபத்தெட்டு என்று இருந்த இடம் நல்ல கட்டம், இருநூற்று எழுபத்தேழு எரிந்தது. ஏழையும் பார்த்தாள். ஏழிலும், வரிசையிலும் ஒன்று கூடுதல், கட்டத்திலும் ஒன்று கூடுதல். மேலே உள்ள பன்னிரண்டும் சரியாக இருந்தன, அவள் சேர்த்த ஏழு மட்டும். எரிவதை விட்டுவிட்டு, பக்கத்தில் சும்மா இருந்ததைத் துடைக்கச் சொல்லியிருக்கிறாள். மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம், கர்சர் வைத்தால் எண் காட்டுகிற வசதி அன்றைக்கு வேலை செய்யவில்லை. ஏழுதானே என்று, பத்துப் பத்துக் கட்டத்துக்கு ஒரு கோடு போட்டு, கோட்டின் எண்ணை வைத்துக்கொண்டு, மீதியை விரலால் எண்ணினாள். அறுநூற்றுப் பத்து என்று எழுதியிருந்த கட்டத்தில் விரலை வைத்து எண்ணினாள். எப்படி எண்ணினாள் என்று காதிலேயே கேட்டது. லாபம், ரெண்டு, மூணு, நாலு. அம்மா பொரி அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று சொல்லமாட்டாள், லாபம் என்பாள், சந்தையே அப்படித்தான் சொல்லும், முதல் படி எப்போதும் லாபம், அப்புறம் ரெண்டு. வாய்க்குள்ளேயே எதை எண்ணினாலும் திலகவதிக்கு அப்படித்தான் வரும், படிக்கட்டு, மாத்திரை, பஸ் நிறுத்தம். அறுநூற்றுப் பத்து என்கிற கட்டம் கணக்கில் சேரக் கூடாது, அது பூஜ்யம், அதற்கு அடுத்ததுதான் ஒன்று. அவளோ விரல் வைத்த முதல் கட்டத்திலேயே லாபம் சொல்லிவிட்டாள். ஏழு முறை சொல்லியிருக்கிறாள். வெறும் ஒன்று என்று எண்ணியிருந்தால் ஒரு தடவையாவது உறுத்தியிருக்குமோ. லாபம் உறுத்தாது. யாருக்கு உறுத்தும்.

இருபத்தைந்து. மணி பதினொன்று பதினைந்து. மைனஸ் நாற்பதா என்று பார்க்கவே தோன்றவில்லை. காம்பைப் பெற்றவள் அவள்தான். ரெபெக்கா கண்டெடுத்தாள், அவ்வளவே. இதை இப்போது சொன்னால் ரெபெக்காவின் நிலா போகும், தன்னுடைய பெயரும் போகும். ஜாக்கிரதையான பெண், திலகவதி போட்டால் திரும்பப் பார்க்க வேண்டியதில்லை, என்கிற ஒரே ஒரு சொத்து. சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் ரெபெக்கா நிலாவைக் காட்டுவாள், எல்லோரும் கைதட்டுவார்கள், அந்த எடையை வைத்து மேலே மேலே கணக்குப் போடுவார்கள், மூன்று மாதமோ ஆறு மாதமோ கழித்து வேறு நாட்டில் யாரோ ஒருவர் இது அழுக்கு என்று நாலு வரி எழுதுவார். அதற்குள் ஆனி முடிந்திருக்கும். இல்லையென்றால் இன்னொன்று செய்யலாம். அது மெதுவாக, மிகவும் மரியாதையாக, கதவைத் தட்டிவிட்டு வருவதுபோல் வந்தது. பட்டியல் அவள் பொறுப்பில் இருக்கிறது. ஏழு வரி. பதினான்கு எண்கள். ஒவ்வொன்றிலும் ஒன்று குறைக்க இரண்டு நிமிடம். குறைத்துவிட்டுப் போனை எடுத்து, ரெபெக்கா, நீ பழைய பட்டியலை எடுத்துவிட்டாய்போலிருக்கிறதே, என்று சொன்னால் போதும். பழைய பிரதி எங்காவது இருக்கும், தேடினால் கிடைக்கும், ஆனால் யார் தேடுவார்கள், திலகவதி போட்டது என்றால் யாரும்தான் பார்ப்பதில்லையே. பட்டியலைத் திறந்தாள். அறுநூற்றுப் பதினான்கில் உள்ள நான்கை அழித்தாள். மூன்று என்று அடித்தாள். சிவப்புத் திரையில் அது எவ்வளவு சாதாரணமாக இருந்தது, எப்போதும் அங்கேயே இருந்ததுபோல. ரெபெக்காவின் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்தாள். நான் பழையதையா எடுத்தேன், என்று நம்பிவிடுவாள். உடனே நம்புவாள். மன்னிச்சிருடி, உன் பேரையும் போட்டுக் கெடுத்திட்டேன், என்பாள். அதை நினைத்ததும், இரக்கத்தினால் அல்ல, அப்படிச் சொல்லிக்கொள்ள ஆசையாக இருந்தாலும் இரக்கத்தினால் அல்ல, அந்த மன்னிச்சிருடியை வாங்கிக்கொண்டு ஆயுள் முழுக்க அவளைவிடச் சின்னவளாக இருக்க வேண்டுமே என்கிற எரிச்சலில், மூன்றை அழித்து மறுபடி நான்கு போட்டு, பட்டியலை மூடினாள்.

இருபத்தொன்பது. முப்பது. பதினொன்று இருபது. சுவரில் போன் இருக்கிறது, நான்கு எண் அழுத்தினால் மாடி அறை. சொல்லிவிடலாம். சொல்லிவிட வேண்டும். இதோ. முப்பத்தொன்று. ஏன் எழுந்திருக்கவில்லை என்று தன்னைக் கேட்டாள். ஆரம்பிக்கட்டும் என்று காத்திருக்கிறாளா? திரையில் காம்பு வரட்டும், எல்லோரும் ஆ என்று சொல்லட்டும், அப்புறம் என்றா? இல்லை, பயம். பயந்தான். இரண்டும் இருந்தது, எது எத்தனை என்று பிரிக்க முடியவில்லை. முப்பத்துமூன்று. எழுந்தாள். முழங்காலில் மேஜைக்கால் இடித்தது. இருட்டில் சுவரைத் தடவிப் போனை எடுத்தாள். சதாசிவம் சார்தான் எடுத்தார். "சொல்லுங்க, கூட்டத்துல இருக்கோம்." "சார், திலகவதி. காம்பு இல்ல சார்." "என்னது?" "நிலா இல்ல சார். அது கெட்ட புள்ளி. நாலு மூலப் படத்துலயும் ஒரே இடத்துல இருக்கு. அறுநூத்திப் பதிமூணு, ஆயிரத்து இருநூத்தி ஆறு. பட்டியல்ல ஒண்ணு தள்ளி இருக்கு, அதனால துடைக்காம விட்டுருச்சு." "இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன். மறுபடி சொல்லுங்க." மறுபடி சொன்னாள். இந்தத் தடவை தன் குரல் கணீரென்று, வேண்டியதைவிடச் சத்தமாக வருவதைக் கேட்டாள். அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம், யாரோ விசைப்பலகையில் தட்டும் சத்தம். பிறகு யாரோ, "ஆமா சார், அசையவே இல்ல," என்றார்கள்.

"அப்போ பட்டியல் தப்பு," என்றார் சதாசிவம் சார், சற்று ஆறிப்போன குரலில். இப்போது சொல்ல வேண்டும். தயங்கினாள், ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அந்த நொடிக்குள் ரெபெக்காவின் குரல் வந்துவிட்டது. நடுங்கியது, ஆனாலும் தெளிவாக இருந்தது. "சார், சரிபார்த்தவர்னு அதுல என் கையெழுத்துதான் இருக்கு. நான் பாக்காமப் போட்டேன். மூலப் படத்தையும் நான் திரும்பப் பாக்கல. பாத்திருந்தா இன்னைக்கு உங்க யாரோட நேரமும் வீணாகியிருக்காது. இது என் தப்பு." எல்லோரும் ரெபெக்காவையே பார்த்துக்கொண்டிருப்பது போன் வழியாகவே தெரிந்தது. "உட்காரும்மா," என்றார் சதாசிவம் சார். அவர் யாரையும் அப்படி அம்மா போட்டுச் சொன்னதில்லை. "இத்தனை பேர் முன்னாடி நின்னு என் தப்புன்னு சொல்றது இருக்கே, எனக்கு முப்பது வருஷ சர்வீஸ்ல ரெண்டு மூணு தடவைதான் வந்திருக்கு. இந்த மாதிரி ஆளை நம்பித்தான் அடுத்த கேமராவைக் கொடுக்க முடியும்." யாரோ ஆமாம் ஆமாம் என்றார்கள். யாரோ ரெபெக்காவுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், கண்ணாடி டம்ளர் மேஜையில் வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. திலகவதி இருட்டில் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். மார்ச் மாதச் சனிக்கிழமை மத்தியானம் அவளுடையது, விரல் அவளுடையது, ஏழும் அவளுடையது. நிலாவைத்தான் ரெபெக்கா எடுத்துக்கொண்டாள், சரி. இதையுமா? "தேங்க்ஸ் திலகவதி," என்றார் சார். "நல்ல நேரத்துல சொன்னீங்க. நீங்க உங்க இருட்டுப் படத்தைப் பாருங்க." வைக்கப் போகிறார் என்று தெரிந்தது. வைத்துவிட்டால் முடிந்தது. யாரும் அவளை எதுவும் கேட்கப் போவதில்லை, ஒருநாளும், எதற்கும்.

"சார், வைக்காதீங்க," என்று கத்தினாள். "அது என்னுது."

"எதும்மா?"

"தப்பு சார். ஏழையும் நான்தான் எண்ணினேன். தயாரிச்சவர்னு என் பேர் இருக்கு, பாருங்க. அவ கையெழுத்துக்கு மேல இருக்கு."

"திலகா, விடு மக்கா," என்றாள் ரெபெக்கா, தூரத்திலிருந்து, மிகவும் அன்பாக. "நான் பாத்துக்கிடுதேன்."

"நீ பாக்கலடி," என்றாள் திலகவதி. "நான்தான் பாத்தேன்."